நீலகிரியில் ரோமானிய மரவாளும் கேடயமும்: செய்முறை

பழைய ரோமின் அரங்கில் மக்கள் பார்க்க மோதிய கிளாடியேட்டர் வீரனின் ஆயுதத்தைச் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது இரும்புத் தகடு. வழி தவறுவது அங்கேதான். ரோமானியப் பயிற்சிக்கூடத்தில் ஒரு வீரன் நாள் முழுக்கக் கையில் பிடித்திருந்தது மரவாள். லத்தீனில் அதற்கு ரூடிஸ் என்று பெயர். பல சண்டைகளில் தேறி விடுதலை பெற்றவனுக்கு அடையாளமாகக் கொடுத்ததும் ஒரு ரூடிஸ்தான். ஆகவே மரத்தில் ரூடிஸ் செய்கிறவர் நகல் செய்யவில்லை. அன்று புழங்கிய பொருளையே மறுபடியும் செய்கிறார்.

இரும்பைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்மையான அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ ஆனதாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்ட விதிகளின் கணக்கில் வந்துவிடும். பள்ளி நாடகத்துக்கும் வரலாற்று மன்றக் கண்காட்சிக்கும் அந்த வம்பு தேவையில்லை.

ரோம் நகரில் முதல் கிளாடியேட்டர் சண்டை நடந்ததாகப் பதிவாகியிருப்பது கி.மு. 264-ல். புரூட்டுஸ் பேரா என்பவர் இறந்தபோது அவருடைய மகன்கள் மாட்டுச் சந்தைத் திடலில் மூன்று ஜோடிகளை மோதவிட்டார்கள். சாவு வீட்டுச் சடங்காகத் தொடங்கியது பிற்பாடு பெரும் தொழிலாகிவிட்டது. கி.மு. 105-ல் ரோமின் தலைமை ஆட்சியாளரான கான்சல் ரூட்டிலியுஸ் ரூஃபுஸ் தம் படைவீரர்களுக்கு வாள்வீச்சு கற்றுத்தர கிளாடியேட்டர் பள்ளியின் ஆசான்களையே வரவழைத்தார். படைவீரனின் மரவாள் பயிற்சியையும் கிளாடியேட்டரின் பயிற்சியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. அளவு எடுக்கும்போது படைவீரர்களின் வாளைப் பார்த்துச் செய்வதில் அதனால் தவறில்லை. ஜெர்மனியில் ஓபராடன் என்ற இடத்தில், கி.மு. 11-ல் எழுந்து சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட ரோமானியப் பாசறையில், ஈர மண்ணுக்குள் மட்காமல் இருந்த மரவாள் ஒன்று கிடைத்திருக்கிறது.

கி.பி. 80-ல் கொலோசியம் திறப்பு விழாவில் பிரிஸ்குஸ், வேருஸ் என்ற இருவர் ஒருவருக்கொருவர் சளைக்காமல் மோதினார்கள். கடைசியில் இருவருமே ஒரே சமயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ள, பேரரசர் தீத்துஸ் இருவருக்குமே ரூடிஸ் கொடுத்து அனுப்பியதைக் கவிஞர் மார்ஷியல் தம் கவிதையில் பதிந்து வைத்திருக்கிறார்.

இந்த மலைக்கும் அந்தக் காலத்துக்கும் தூரம் அதிகமில்லை. கோவை வெள்ளலூரில் பானை பானையாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலும் இருப்பவை பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியுஸ் ஆகியோரின் முகங்கள். ஓபராடன் மரவாள் அகஸ்டஸ் காலத்தது.

மரம்

நீலகிரியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை சில்வர் ஓக், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்). தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் இழைக்கச் சுகமாக இருக்கும்; அடி தாங்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற வாளுக்கு மட்டும் சரி. கற்பூர மரத்தின் நார் முறுக்கிக்கொண்டே ஏறும். அறுத்த பலகை காயக் காய முறுக்கேறி, நேராக இழைத்த அலகு ஒரு மாதத்தில் விசிறி இறக்கை போலத் திரும்பிவிடும். அதை வாளுக்குத் தொடவே தொடாதீர்கள். அடித்துப் பழக நடும் கம்பத்துக்கு அதைப் போல வேறு மரம் இல்லை, அதைப் பிறகு பார்ப்போம். சீகை கனமும் வலுவும் உள்ளது. காயும்போது முனை வெடிக்கும், அதைத் தடுக்க வழி இருக்கிறது. மேட்டுப்பாளையம் மரக்கடைகளில் நன்றாகக் காய்ந்த கருவேலம் கிடைத்தால் எதையும் யோசிக்காமல் அதை வாங்குங்கள். ஏர், வண்டிச் சாமான் செய்த மரம் அது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், சிலும்பு சிலும்பாகப் பிளக்காது.

தோட்டத்து மரத்தை நீங்களே வெட்டக் கூடாது. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ரசீதோடு கடையில் வாங்குங்கள்.

வேண்டிய பலகை 70 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 22 மி.மீ. கனம். வைரம் பாய்ந்த பகுதியாக, கணு இல்லாததாக இருக்கட்டும். பலகையின் பக்கவாட்டு விளிம்பில் ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ரேகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் நீர்த்த மையில் ஒரு சொட்டு வையுங்கள். நாரின் வழியே மை கோடாக இழுக்கும். அந்தக் கோடு விளிம்புக்கு இணையாக ஓடினால் வாங்கலாம். சாய்ந்து ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு ஏறினால் வேண்டாம். மரவாள் ஒடிவதில் பெரும்பகுதி இந்தச் சாய்வால்தான், மரத்தின் வகையால் அல்ல. நாரைப் பின்பற்றிப் பிளந்த கட்டை கிடைத்தால், ரம்பத்தில் அறுத்த பலகையைவிட அது மேல்.

வாங்கிய அன்றே வேலையைத் தொடங்காதீர்கள். சமவெளியில் காய்ந்த பலகை ஊட்டிக்கு வந்ததும் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். பச்சையாக வாங்கிய சீகை அதற்கு எதிராகச் சுருங்கும். இரண்டு முனைகளிலும் மெழுகு உருக்கித் தடவி, வேலை செய்யப்போகும் அறையிலேயே காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, பலகையிலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். 740, 722, 715, 713 என்று இறங்கி, அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் 2 கிராமுக்கு மேல் மாறாமல் நின்றால் மரம் அறையோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். வேலைக்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை. உங்கள் ஊருக்கு எது என்று பார்த்து, அதற்குமுன் எண்ணெய்ப் பூச்சு வரை முடித்துவிடுங்கள்.

வாள்

கிளாடியஸ் என்பது ரோமானியரின் குட்டை வாள். அதில் பாம்பேய் வகையின் வடிவம் எளிது: இணையாக ஓடும் இரு விளிம்பு, கடைசியில் குட்டையான முக்கோண முனை. இதற்கு முந்தைய மைன்ஸ் வகை அகலமானது, இடுப்பு ஒடுங்கி நீண்ட கூர் முனையோடு முடியும். மரத்தில் அந்த நீண்ட முனை முதல் நாளே உடையும். பாம்பேய் வகையையே எடுங்கள்.

நமது அளவு: அலகு 45 செ.மீ., அகலம் 4.8 செ.மீ.; அலகுக்கும் பிடிக்கும் நடுவே கையைக் காக்கும் காப்பு 3 செ.மீ.; கைப்பிடி 9 செ.மீ.; பிடியின் கடைசியில் வரும் குமிழ் 5.5 செ.மீ. விட்டமுள்ள உருண்டை. மொத்தம் 62.5 செ.மீ. அசல் வாளில் அலகின் வால் கம்பியாகக் காப்பு, பிடி, குமிழ் எல்லாவற்றையும் ஊடுருவிச் சென்று கடைசியில் தட்டி மடிக்கப்பட்டிருக்கும். மரத்தில் அலகும் கைப்பிடியும் ஒரே பலகையாக இருக்கட்டும். காப்பும் குமிழும் தனியாக வந்து கோக்கும்.

பலகையில் நடுக்கோடு கிழித்து எல்லா அளவையும் அதிலிருந்து இரண்டு பக்கமும் எடுங்கள். அலகு 48 மி.மீ., பிடி 28 மி.மீ. என்பதால் இரண்டும் சேருமிடத்தில் பக்கத்துக்கு 10 மி.மீ. தோள் விழும். வாள் முழுவதிலும் பலவீனமான இடம் இந்தத் தோளின் உள்மூலை. ரம்பத்தால் அறுத்து மூலையைச் சதுரமாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். முதலில் மூலையில் 6 மி.மீ. துளை போட்டு, துளை வரைக்கும் மட்டும் அறுங்கள். மூலை தானாக வளைவாக நிற்கும். அடியின் விசை ஓரிடத்தில் குவியாது. பிடியின் கடைசியில் குமிழுக்காக 18 மி.மீ. விட்டத்தில் 4 செ.மீ. நீளக் கழுந்து, அதாவது குமிழுக்குள் நுழையும் உருளைத் தண்டு, விடுங்கள்.

அலகை 22 மி.மீ.யிலிருந்து 16-க்கு இழைத்து, நடுவில் முதுகு நிற்க இரண்டு பக்கமும் சரித்து, விளிம்பில் 8 மி.மீ. கனம் மிஞ்சும்படி நிறுத்துங்கள். அந்த விளிம்பை அரை வட்டமாக உருட்டுங்கள். மெல்லியதாக்கினால் அழகாகத் தெரியும், ஆனால் முதல் மோதலிலேயே விளிம்பு பெயர்ந்து மரச் சிராய் பறக்கும். அது கண்ணுக்கு ஆபத்து. முனையையும் ஐந்து ரூபாய் நாணயத்தின் வளைவுக்குக் குறையாமல் மழுக்குங்கள்.

காப்புக்கு 8.5 × 5.5 × 3 செ.மீ. கட்டை, முட்டை வடிவம். அதன் ரேகை நீளவாக்கில் ஓடட்டும். நடுவே 28 × 22 மி.மீ. துளையை இரு பக்கத்திலிருந்தும் உளியால் எடுங்கள். ஒரே பக்கமாக அடித்தால் மறுபுறம் பெயரும். இங்கேதான் மலையில் செய்கிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பிப்ரவரியில் கொட்டாப்புளியால் தட்டி இறுக்கமாக ஏற்றிய காப்பு ஜூலையில் பிளந்து கிடக்கும். ஏனென்றால் பிடி அகலத்திலும் கனத்திலும் பருக்கிறது. காப்போ ரேகை ஓடும் திசையில் நீளவே நீளாது. உள்ளே இருப்பது தள்ளத் தள்ள, துளையின் ஓரத்தில் நார் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே நான்கு புறமும் ஓர் அஞ்சலட்டை நுழையும் இடைவெளி விடுங்கள். அலகின் தோளில் மட்டும் அரால்டைட் வைத்து ஒட்டுங்கள், துளைக்குள் பசை வேண்டாம்.

பிடியை எட்டுப் பட்டையாகச் சீவி, விரலுக்கு நான்கு பள்ளம் வெட்டுங்கள். பள்ளத்துக்குப் பள்ளம் 21 மி.மீ. போதும், சிறுவர்களுக்கு 18. எலும்பில் செய்த ரோமானியப் பிடிகளின் அமைப்பும் இதுதான். பள்ளம் ஆழமாகப் போகக் கூடாது, 3 மி.மீ. தாண்டினால் பிடி மெலிந்துவிடும். இரு விளிம்பிலும் ஒரே மாதிரி வெட்டினால் இடக்கைக்காரருக்கும் அதே வாள் பொருந்தும். பேரரசர் கொமோடுஸ் இடக்கையில் மரவாளும் வலக்கையில் கேடயமுமாகக் களத்தில் இறங்கியவர், இடக்கைச் சண்டையில் அவருக்குப் பெருமை வேறு.

குமிழைக் கழுந்தில் ஏற்றி, குறுக்கே 6 மி.மீ. துளையிட்டு மூங்கில் ஆப்பு அடித்து முடியுங்கள். பசையை மட்டும் நம்பினால், வேகமாக வீசும்போது குமிழ் கழன்று எதிரே இருப்பவர் மேல் போய் விழும்.

இப்போது விரல்மேல் வைத்துப் பாருங்கள். காப்பிலிருந்து 7, 8 செ.மீ. தள்ளி வாள் சமமாக நின்றால் நல்ல வாள். 10-ஐத் தாண்டினால் முனைப் பக்கம் மூன்றில் ஒரு பங்கை இன்னும் கொஞ்சம் இழையுங்கள். மொத்த எடை 400 கிராமை ஒட்டி வரும். இரும்பு கிளாடியஸ் முக்கால் கிலோ வாக்கில் இருந்தது. ரோமானிய எழுத்தாளர் வெகேட்டியுஸ் எழுதிய படைக் கையேட்டில், பயிற்சி மரவாளும் பிரம்புக் கேடயமும் அசலைப்போல இருமடங்கு எடை இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மரத்துக்குள் ஈயம் உருக்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த எடை கம்பத்தை அடிப்பதற்குச் சொன்னது, மனிதரை அல்ல. எதிரே ஆள் நிற்கும் பயிற்சிக்கு 400 கிராமே போதும்.

பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம். அது மேலே தோலாக நிற்கும்; ஒரு கீறல் விழுந்தால் ஈரம் அதன் வழியே புகுந்து உள்ளேயே தங்கி மரத்தைக் கறுக்க வைக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நாள் விட்டுத் தேயுங்கள். பச்சை எண்ணெய் ஊட்டிக் குளிரில் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். கடைசியில் தேன்மெழுகு, கோத்தகிரிப் பக்கம் நல்லதாகவே கிடைக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

திராக்ஸ் வகை கிளாடியேட்டரின் வளைந்த சிக்கா வாள் செய்ய ஆசைப்பட்டால் நேர்ப் பலகையில் வளைவை அறுக்காதீர்கள், வளைவில் நார் அறுந்து ஒடியும். கலப்பைக்கு வளைந்த கிளையைத் தேடியதுபோல, இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேட வேண்டும்.

கேடயம்

முர்மில்லோ வகை கிளாடியேட்டரின் பெரிய கேடயம் ஸ்கூட்டம். முழுசாகக் கிடைத்திருக்கும் ஒரே வளைந்த செவ்வக ஸ்கூட்டம் சிரியாவின் தூரா யூரோப்போஸில் தோண்டி எடுத்தது. உயரம் 105.5 செ.மீ. மெல்லிய மரப்பட்டைகளை மூன்று அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கிறார்கள். இன்றைய ப்ளைவுட்டும் இதே தத்துவம்தான். அதனால் இங்கே ப்ளைவுட் பயன்படுத்துவது குறுக்குவழி ஆகாது.

8 × 4 அடி, 3 மி.மீ. ப்ளைவுட் ஒன்று போதும். அதில் 105 × 76 செ.மீ. துண்டு இரண்டு வரும். மேல் ரேகை கேடயத்தின் உயரவாக்கில் இருந்தால்தான் வளையும். கடையிலேயே ஒரு மூலையை வளைத்துப் பாருங்கள். படபடவென்று சத்தம் வந்தால் உள்ளே ஓட்டை இருக்கிறது, அந்தத் தாளை விடுங்கள்.

கழிவு ப்ளைவுட்டில் 42 செ.மீ. ஆரத்தில் நான்கு வில் வெட்டி, குறுக்குச் சட்டம் அடித்து அச்சு செய்யுங்கள். கேடயத்துக்கு வேண்டியது 45 செ.மீ. ஆரம். அச்சிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் விரியும் என்பதால்தான் 3 செ.மீ. குறைவு. முடிவில் நேர் அகலம் 67, குழிவு 15 செ.மீ. வரும். ஃபெவிகால் 250 கிராம் எடுத்து, உள் தாளின் மேல் சீப்புப் பல்லால் பரப்பி, இரண்டாவது தாளை வைத்து, பழைய சைக்கிள் டியூபை அறுத்து நாடாவாக்கி மேலிருந்து கீழ்வரை இறுக்கிச் சுற்றுங்கள். இடைவெளி விடாமல் சுற்றினால் சி கிளாம்ப்பே தேவையில்லை.

சமவெளியில் ஒரு நாள் போதும். ஊட்டியில் மூன்று நாள் விடுங்கள். உறைபனிக் காலத்து இரவில் பசை பிடிக்கவே பிடிக்காது. பிடிக்காத பசைக்கு அடையாளம் உண்டு: காய்ந்தபின் கண்ணாடிபோலத் தெளியாமல் சுண்ணாம்புப் பொடியாக வெள்ளையாக நிற்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். அப்படிப்பட்ட ஒட்டை மேலே பசை தடவிக் காப்பாற்ற முடியாது, பிரித்துச் சுரண்டி மறுபடியும்தான் ஒட்ட வேண்டும். தவிர்க்க, அச்சுக்கு அடியில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் துணியில் படாமல் தொங்கவிட்டு, மேலே கம்பளி போர்த்துங்கள்.

முன்புறம் முழுக்கக் காடாத் துணியை ஒட்டி இழுத்து மடியுங்கள். வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் வர்ணித்த ரோமானியக் கேடயத்திலும் பலகைமேல் துணி, துணிமேல் கன்றுத்தோல். விளிம்பில் 4 செ.மீ. அகலத் தோல் பட்டையை நனைத்து மடித்து, 2 செ.மீ.க்கு ஒரு துளையிட்டு மெழுகு நூலால் தையுங்கள். காயும்போது தோல் சுருங்கித் தானே இறுகும்.

நடுவில் 12 செ.மீ. வட்டத் துளை. அதன்மேல் 18 செ.மீ. விட்டமுள்ள, விளிம்பு வைத்த அலுமினியக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஆறு ரிவெட் அடித்தால் குமிழ்த்தகடு. உள்ளே, துளைக்குக் குறுக்கே, 3 × 2.5 செ.மீ. மரச்சட்டம் ஒன்றுதான் பிடி. அது கிடைமட்டமாக இருக்க வேண்டும். முழங்கையை நுழைக்கும் இரண்டு வார்களைப் போட்டுவிடுவது எங்கும் காணும் தவறு. ஸ்கூட்டத்தைக் கை தொங்கும் நிலையில், புறங்கை முன்னால் தெரியப் பெட்டி தூக்குவதுபோல்தான் பிடித்தார்கள். அதனால்தான் அதை முன்னால் குத்தவும் முடிந்தது. வார் போட்டால் அது சும்மா மறைக்கிற கதவாகிவிடும்.

மொத்தம் 4 கிலோவுக்குள் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 80 × 60 செ.மீ. அளவில் செய்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல். இறக்கையும் மின்னலும் வரையாதீர்கள். அவை படையணிக் கேடயத்தின் சின்னங்கள்.

கம்பமும் மற்றவையும்

பயிற்சிக் கம்பத்துக்கு பாலுஸ் என்று பெயர். ஆறு ரோமானிய அடி, அதாவது 1.78 மீட்டர் உயரம். 2.5 மீட்டர் நீளம், 12 முதல் 15 செ.மீ. பருமன் உள்ள கற்பூர மரக் கம்பத்தின் அடியைத் தீயில் கருக்கி, 70 செ.மீ. ஆழக் குழியில் ஜல்லி இட்டு இறுக்குங்கள். மண் மட்டும் போட்டால் மலைச்சரிவில் ஒரு மழைக்கே ஆடும். தோள் உயரத்திலிருந்து முழங்கால் வரை தேங்காய் நார்க்கயிறு சுற்றினால் வாளின் விளிம்பும் பிழைக்கும், மணிக்கட்டும் பிழைக்கும்.

வலைவீசிச் சண்டையிடும் ரேட்டியாரியுஸ் வகை கிளாடியேட்டரின் வலையும் திரிசூலமும் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. வலைக்குப் பருத்திக் கயிறு, விட்டம் 3 மீட்டர், கண் 10 செ.மீ.; ஓரக் கனத்துக்கு மணல் நிரப்பிய சிறு துணிப்பைகளைத் தையுங்கள். திரிசூலத்தின் மூன்று முனையும் மர உருண்டையாக முடியட்டும். இன்றைய துருக்கியில் உள்ள எஃபெசுஸ் நகரின் கிளாடியேட்டர் கல்லறையில் எடுத்த மண்டை ஓடுகளில் முனை பதிந்த ஓட்டைகள் இருக்கின்றன. தலைக்கு ஓங்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே வையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் மரவாளைத் தொட வேண்டாம். நடுவருக்கும் ஒரு வேலை உண்டு: ரோமில் தலைமை நடுவருக்கு லத்தீனில் ‘சும்மா ரூடிஸ்’ (summa rudis) என்று பெயர், கையில் நீண்ட கோல். கோலைக் குறுக்கே நீட்டினால் இருவரும் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் எடுக்குமுன் அலகின் இரண்டு விளிம்பிலும் பழைய நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் சிலும்பு எழுந்திருக்கிறது. அரத்தால் ராவி எண்ணெய் தடவுங்கள். தோளின் உள்மூலையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பசை வைக்க வேண்டாம், அந்த வாளைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு செய்யுங்கள். மழைக்காலத்தில் தோலில் வெள்ளைப் பூஞ்சை படரும், உலர்ந்த துணியால் துடைத்துத் தேன்மெழுகு பூசினால் போகும். கேடயத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் விரிந்துவிடும். உள்ளே இருக்கும் பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், சுவரில் படாமல் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.